நோய் வருமுன் செலுத்திய காசு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த பெருநகரம் டல்லாஸ். 1929-ஆம் ஆண்டில் அந்நகரத்தில் இருந்த பேய்லர் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நிலையங்களை நிர்வகிக்கும் பொறுப்பை ஜஸ்டின் ஃபோர்டு கிம்பல் என்பவர் ஏற்றார். அவர் மருத்துவர் அல்லர்; அந்நகரத்துப் பள்ளிகள் அனைத்துக்கும் தலைமை மேற்பார்வையாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர். பொறுப்பேற்றதும் அவர் செய்த முதல் வேலைகளுள் ஒன்று, மருத்துவமனையின் கணக்கேடுகளைப் புரட்டிப் பார்த்தது. வரவேண்டிய பாக்கி ஏராளமாகக் கிடந்தது. பாக்கி வைத்தோர் பட்டியலைப் படித்துக்கொண்டே சென்றவருக்குப் பழகிய பெயர்கள் பல தென்பட்டன. அவை அவரிடம் முன்பு பணியாற்றிய பள்ளி ஆசிரியர்களின் பெயர்கள்.

அந்த ஆசிரியர்கள் கடனைத் திருப்பித் தர மனமில்லாதவர்கள் அல்லர். அரிசிக்கும் துணிக்கும் வீட்டு வாடகைக்கும் மாதந்தோறும் செலவு செய்கிறோம். இவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே தெரியும். அதற்கேற்ப வாழ்க்கையை அமைத்துக்கொள்கிறோம். நோய்ச் செலவோ பத்து ஆண்டுகள் எட்டிப் பார்க்காமல் இருக்கும். பிறகு ஒரே வாரத்தில் வந்து ஓராண்டுச் சம்பளத்தை விழுங்கிவிடும். ஒருவருக்கு நோய் எப்போது வரும் என்று எந்தச் சோதிடரும் கூற இயலாது. ஆனால் ஆயிரம் பேர் கொண்ட கூட்டத்தில் ஓராண்டுக்கு எத்தனை பேர் படுக்கையில் விழுவார்கள் என்பதைப் பழைய கணக்கைக் கொண்டு ஏறத்தாழச் சொல்லிவிடலாம். இந்த உண்மைதான் இன்ஷூரன்ஸ் என்னும் காப்பீட்டுக்கு அடிப்படை.

கிம்பலிடம் அந்தப் பழைய கணக்கு இருந்தது. அவர் பள்ளிகளை மேற்பார்த்து வந்த காலத்திலேயே ஆசிரியர்களுக்கென ஒரு நோய் உதவி நிதியை ஏற்படுத்தியிருந்தார். எத்தனை ஆசிரியர்கள், எத்தனை நாட்கள் நோயுற்றுக் கிடந்தார்கள் என்ற விவரம் அந்த நிதியின் ஏடுகளில் இருந்தது. அதை வைத்துக் கணக்கிட்டு, ஆசிரியர்களுக்கு ஒரு திட்டத்தை அறிவித்தார். ஆசிரியர் ஒருவர் மாதம் 50 சென்ட், அதாவது அரை டாலர், செலுத்தவேண்டும். அவர் நோயுற்றால் ஆண்டுக்கு 21 நாட்கள் வரை பேய்லர் மருத்துவமனை அவரைப் படுக்கையில் வைத்துப் பேணும். தனியே பணம் கேட்காது. ஆசிரியர்களுள் முக்கால் பங்கினரேனும் சேர்ந்தால்தான் திட்டம் தொடங்கும் என்று ஒரு நிபந்தனையும் விதித்தார். இந்த நிபந்தனையை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வரும் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் திறவுகோல் அதுவே. விரும்பியவர் மட்டும் சேரலாம் என்று விட்டிருந்தால் யார் முதலில் ஓடி வந்திருப்பார்கள்? உடலில் ஏற்கெனவே நோய் உள்ளவர்களே. அப்படி நேர்ந்தால் அரை டாலர் போதாது. ஐந்து டாலரும் போதாது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். 1929 டிசம்பரில் திட்டம் தொடங்கியது. தொடங்கிய சில நாட்களுக்குள் பனியில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்ட ஆசிரியை ஒருவர்தான் இத்திட்டத்தால் பயன்பெற்ற முதல் நோயாளி.

இதில் மருத்துவமனைக்கு என்ன இலாபம் என்று கேட்கலாம். படுக்கை காலியாகக் கிடந்தாலும் மருத்துவமனைக்குச் செலவு உண்டு. செவிலியருக்குச் சம்பளம், விளக்கு, அடுப்பு, கட்டடத்தின் மீது வாங்கிய கடனுக்கு வட்டி, இவை ஒருநாளும் நிற்பதில்லை. அந்த ஆண்டு இறுதியில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து, அடுத்த ஆண்டுகளில் பெரும் பொருளாதார மந்தம் நாட்டைச் சூழ்ந்தபோது, மாதந்தோறும் தவறாமல் வரும் அரை டாலர்களின் அருமை எல்லா மருத்துவமனைகளுக்கும் விளங்கிற்று. நாடெங்கும் இதைப் பின்பற்றித் திட்டங்கள் எழுந்தன. ஆனால் ஒரே மருத்துவமனைக்குக் கட்டுப்பட்ட திட்டத்தில் ஒரு குறை இருந்தது. தம் மருத்துவர் வேறொரு மருத்துவமனையில் பணி செய்பவராக இருந்தால் நோயாளி என்ன செய்வார்? 1932-இல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரத்து மருத்துவமனைகள் ஒன்றுகூடிப் பொதுத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தி இக்குறையைப் போக்கின. உறுப்பினர் அவற்றுள் எதற்கு வேண்டுமானாலும் செல்லலாம்.

1934-இல் மின்னசோட்டா மாநிலத்தில் இத்தகைய திட்டம் ஒன்றை நடத்திவந்த வான் ஸ்டீன்விக் என்பவர், தம் விளம்பரத் தாளில் நீல நிறச் சிலுவை ஒன்றை வரையச் செய்தார். அந்தச் சின்னமே பிறகு பெயராகி, 'புளூ கிராஸ்' என்று நாடு முழுவதும் வழங்கலாயிற்று. சென்னையில் விலங்குகளைப் பேணும் புளூ கிராஸ் முற்றிலும் வேறு; இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மருத்துவமனைப் படுக்கைக்கு மட்டுமே புளூ கிராஸ் பொறுப்பேற்றது. மருத்துவரின் கட்டணத்துக்கென 1939 முதல் மருத்துவர் சங்கங்கள் தனித் திட்டங்களைத் தொடங்கின. அவை நீலக் கேடயம் என்னும் பொருளில் 'புளூ ஷீல்டு' எனப் பெயர் பெற்றன.

இத்திட்டங்களின் சிறப்பு யாதெனில், அவை பணம் தருவதாகச் சொல்லவில்லை. பணியைத் தருவதாகச் சொல்லின. 21 நாள் படுக்கை என்றால் 21 நாள் படுக்கைதான். மருத்துவமனையின் கட்டணம் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் உறுப்பினருக்குக் கவலை இல்லை. இதைச் சேவைத் திட்டம் என்போம்.

வாணிக நோக்குடைய இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் வழி வேறு. நோய்க் காப்பீட்டில் இறங்க அவை நெடுங்காலம் தயங்கின. மரணத்தை மறைக்கவோ நடிக்கவோ முடியாது. நோயின் அளவை யார் நிறுத்துப் பார்ப்பது? ஆனால் புளூ கிராஸின் வெற்றியைக் கண்டபின் அவற்றின் அச்சம் தெளிந்தது. அவை தந்தது இழப்பீட்டுத் திட்டம்: நோயுற்ற நாளுக்கு இன்ன தொகை, இன்ன அறுவை மருத்துவத்துக்கு இன்ன தொகை என்று அட்டவணைப்படி பணம் வழங்கும் முறை. ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 8 டாலர் தருவதாகப் பத்திரம் சொல்கிறது. மருத்துவமனை கேட்பதோ நாளொன்றுக்கு 15 டாலர். பத்து நாள் படுத்திருந்தால் 70 டாலர் நோயாளியின் தலையில் விழும். விலைவாசி உயரும் காலத்தில் இந்த இடைவெளியும் உயர்ந்துகொண்டே போகும். பிற்காலத்தில் நிலையான தொகைக்குப் பதிலாகச் செலவில் ஒரு பங்கைத் தரும் முறையும் வந்தது. அதிலும் தொடக்கத்தில் ஒரு தொகையையும், பிறகு செலவில் ஒரு பகுதியையும் நோயாளியே ஏற்கவேண்டும். இதற்கு ஈடாக ஒரு நன்மை உண்டு. எந்த ஊரில், எந்த மருத்துவரிடம் வேண்டுமானாலும் சென்று காட்டலாம். இவரிடம்தான் போகவேண்டும் என்று யாரும் கட்டுப்படுத்துவதில்லை. நம் நாட்டில் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் 1986-இல் தொடங்கிய 'மெடிகிளெய்ம்' இந்த இழப்பீட்டு மரபில் வந்ததே.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. அது பிறந்த இடம் பாலைவனம்.

கொலராடோ ஆற்று நீரை லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதிக்குக் கொண்டுசெல்லப் பெருங்கால்வாய் ஒன்று வெட்டப்பட்டது. தெற்குக் கலிபோர்னியாவின் கொடிய பாலையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் அதில் உழைத்தனர். 1933-இல் சிட்னி கார்ஃபீல்டு என்னும் இளம் அறுவை மருத்துவர், டெசர்ட் சென்டர் என்னும் சிற்றூருக்கு அருகில், 12 படுக்கைகள் கொண்ட சிறு மருத்துவமனையை அவர்களுக்காகக் கட்டினார். காயமுற்றவர் வந்தார்கள்; பணம்தான் வரவில்லை. விபத்துக்கு ஈடு தரவேண்டிய இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கார்ஃபீல்டு அனுப்பிய பட்டியல்களில் குற்றம் கண்டு, தாமதம் செய்தன. மருத்துவமனையை மூடிவிடலாம் என்ற நிலை வந்தபோது, இன்ஷூரன்ஸ் துறையைச் சேர்ந்த ஹாரல்டு ஹேட்ச் என்பவர் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு காயத்துக்கும் பட்டியல் அனுப்புவதை விட்டு, தொழிலாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 சென்ட் என முன்பணமாகவே பெற்றுக்கொண்டால் என்ன? கார்ஃபீல்டு ஒப்புக்கொண்டார். வேலையோடு தொடர்பில்லாத காய்ச்சல், வயிற்றுவலி முதலியவற்றுக்குத் தொழிலாளி தாமே இன்னொரு 5 சென்ட் செலுத்தலாம் என்ற ஏற்பாடும் உடன் வந்தது.

அதுவரை கார்ஃபீல்டுக்கு நோயாளியே வருமானம். ஏற்பாடு மாறிய அன்றே நோயாளி செலவாகிவிட்டார். நலமாக இருப்பவரே வருமானம் ஆனார். ஆணி குத்திய காலுக்கு மருந்து கட்டினால் அந்தச் செலவு இனி அவருடையது. ஆதலால் ஆணி குத்தாமல் இருக்க வழி தேடினார். வேலை நடக்கும் இடங்களுக்குச் சென்று, பலகைகளில் நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளை அகற்றச் சொன்னார். மருத்துவர் ஒருவர் சுத்தியலைப் பற்றிக் கவலைப்பட்ட கதை மருத்துவ வரலாற்றில் அதிகம் இல்லை. சந்தாவைப் பெறுபவரும் மருத்துவம் செய்பவரும் ஒருவரே என்னும் இம்முறையைக் குழு மருத்துவத் திட்டம் என்று கூறலாம்.

1938-இல் கிராண்ட் கூலி அணைக்கட்டில் ஹென்றி கைசரின் கம்பெனி வேலை எடுத்தபோது, தொழிலாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் இதே முறையில் மருத்துவம் செய்யக் கார்ஃபீல்டு அழைக்கப்பட்டார். 1942-இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையில் ரிச்மண்டு என்னும் இடத்தில் கைசரின் கப்பல் தளங்கள் இரவு பகலாக இயங்கின. அங்குள்ள பெருந்தொகையான தொழிலாளர்க்கும் இம்முறையே வந்தது. போர் முடிந்து கப்பல் தளங்கள் வெறிச்சோடியபின், 1945-இல் திட்டம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று கைசர் பெர்மனெண்டே என்று வழங்குவது அதுவே.

மருத்துவர் உலகம் இதை வரவேற்கவில்லை. மருத்துவர் சம்பளத்துக்கு உழைப்பதும், நோயாளி குழுவுக்குள் இருக்கும் மருத்துவரையே நாடவேண்டியிருப்பதும் தொழிலின் பெருமைக்கு இழுக்கு என்று மருத்துவர் சங்கங்கள் கூறின. அந்தக் குறையில் உண்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தமக்கு நம்பிக்கையான மருத்துவரை விட்டுவிட்டு வருவது எளிதன்று. மேலும், குறைவாக மருத்துவம் செய்தால் குழுவுக்கு மிச்சம் என்னும்போது, வேண்டிய மருத்துவத்தையும் குறைத்துவிடுவார்களோ என்ற ஐயம் எழுவது இயல்பே. 1990-களில் அமெரிக்க மக்கள் இத்தகைய நிறுவனங்கள்மேல் கொண்ட சினத்துக்கு இந்த ஐயமே காரணம். ஆனால் மருத்துவர் சங்கங்கள் வாதத்தோடு நில்லாமல் வேறு வழியிலும் இறங்கின. 1937-இல் வாஷிங்டனில் அரசு ஊழியர்கள் தமக்கென இத்தகைய கூட்டுறவுக் குழு ஒன்றை அமைத்தபோது, அதில் பணியாற்றிய மருத்துவர்களுக்கு நகரத்து மருத்துவமனைகளின் கதவுகள் அடைக்கப்பட்டன. வழக்கு தொடரப்பட்டது. வாணிகத்தைத் தடை செய்யும் சதி என்னும் குற்றத்துக்காக அமெரிக்க மருத்துவர் சங்கம் தண்டிக்கப்பட்டதை 1943-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இதற்கிடையில் இரண்டாம் உலகப் போர் எதிர்பாராத ஒன்றைச் செய்தது. 1942-இல் விலைவாசியைக் கட்டுப்படுத்தச் சம்பள உயர்வுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் ஓய்வூதியமும் நோய்க் காப்பீடும் அத்தடைக்கு விலக்காயின. ஆட்கள் கிடைக்காமல் திண்டாடிய முதலாளிகள், சம்பளம் உயர்த்த முடியாத இடத்தில் காப்பீட்டைத் தந்து ஆட்களைச் சேர்த்தார்கள். 1954-ஆம் ஆண்டு வரிச்சட்டம், முதலாளி செலுத்தும் காப்பீட்டுச் சந்தாவுக்குத் தொழிலாளியிடம் வருமான வரி இல்லை என்பதைத் தெளிவாக்கியது. இவ்வாறு அமெரிக்காவில் நோய்க் காப்பீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. யாரும் திட்டமிட்டுக் கட்டிய ஏற்பாடு அன்று. போர்க்காலத்து அவசரத்தில் போட்ட முடிச்சு, பிறகு அவிழவே இல்லை.

இனி விலையைப் பற்றிப் பேசவேண்டும். புளூ கிராஸ் தன் தொடக்கக் காலத்தில் ஊரார் அனைவர்க்கும் ஒரே சந்தா விதித்தது. இளையவர், முதியவர், நோயுற்றவர், நலமுடையவர் என்ற வேறுபாடு இல்லை. வாணிகக் கம்பெனிகளோ ஒவ்வொரு குழுவின் கடந்தகாலச் செலவைப் பார்த்து, அதற்கேற்பச் சந்தாவைக் குறித்தன. பார்வைக்கு இரண்டாவது முறையே நியாயமாகத் தோன்றும். அவரவர் செலவை அவரவர் ஏற்பதில் என்ன தவறு? ஒரு கற்பனை ஊரைக் கொண்டு கணக்கிடுவோம். அவ்வூரில் 1,000 பேர். இளையவர் 800 பேர்; ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர் மருத்துவச் செலவு. முதியவர் 200 பேர். ஆளுக்கு 30 டாலர். மொத்தச் செலவு 10,000 டாலர். எல்லாருக்கும் ஒரே சந்தா என்றால் ஆளுக்கு 10 டாலர். இப்போது ஒரு கம்பெனி ஊருக்குள் வந்து, இளையவருக்கு மட்டும் 6 டாலருக்குத் தருகிறேன் என்கிறது. 400 இளையவர் போய்விடுகிறார்கள். எஞ்சிய 600 பேரின் செலவு 8,000 டாலர். சந்தா 13 டாலருக்கு மேல் ஏறுகிறது. மீதமிருந்த இளையவர்கள் இதைக் கண்டு தாமும் வெளியேறுகிறார்கள். கடைசியில் நிற்பவர்கள் 200 முதியவர்கள். அவர்கள் சந்தா 30 டாலர். ஊரில் ஒருவருக்கும் புதிதாக நோய் வந்துவிடவில்லை; மருத்துவக் கட்டணமும் உயரவில்லை. அப்படியிருந்தும் முதியவரின் சந்தா மும்மடங்காகிவிட்டது. வெளியேறிய இளையவர் யாரும் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். 10 டாலர் பொருளை 6 டாலருக்கு வாங்கினார்கள், அவ்வளவுதான்.

கிம்பல் ஏன் முக்கால் பங்கு ஆசிரியர்களைக் கேட்டார் என்பது இப்போது விளங்கும்.

கற்பனை ஊரில் நடந்தது நாட்டிலும் நடந்தது. 1950-களின் தொடக்கத்தில் வாணிகக் கம்பெனிகள் உறுப்பினர் எண்ணிக்கையில் புளூ கிராஸை மிஞ்சிவிட்டன. புளூ கிராஸ் திட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சந்தா என்னும் கொள்கையைத் தளர்த்திக்கொண்டன. தளர்த்தாவிட்டால் நோயாளர் மட்டுமே அவற்றிடம் மிஞ்சியிருப்பார்கள். வேலையில் இருப்பவர்க்குக் காப்பீடு கிடைத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர், நோய் மிகும் வயதில், காப்பீடு இல்லாமல் நின்றார். 1960-களின் தொடக்கத்தில் முதியோருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மருத்துவமனைக் காப்பீடே இல்லை. 1965 ஜூலை 30-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்ட மெடிகேர் சட்டம், அவர்களை அரசின் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. தனியார் காப்பீட்டில் ஒருவரின் உடல்நிலையைக் காரணம் காட்டிச் சந்தாவை உயர்த்துவதற்கு, தனியாகவும் சிறு தொழிலகங்கள் வழியாகவும் வாங்குவோர்க்கு நாடு தழுவிய தடை வரவோ 2014 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதுதான் முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்படியும் வயதுக்கேற்ப மூன்று மடங்கு வரை சந்தா வேறுபடலாம்.

மூன்று வகைகளையும் ஒரே மேசையில் வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள் என்று சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1959-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 1960 ஜூலை முதல் அமெரிக்க மைய அரசின் ஊழியர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை வழங்கப்பட்டது. புளூ கிராஸ் நடத்தும் சேவைத் திட்டம், ஈட்னா என்னும் கம்பெனி நடத்தும் இழப்பீட்டுத் திட்டம், ஊழியர் சங்கங்களின் திட்டங்கள், கைசர் போன்ற குழு மருத்துவத் திட்டங்கள் ஆகியவற்றுள் ஒன்றை அவர்கள் தேர்ந்துகொள்ளலாம். பின்னர் மனம் மாறினால் குறித்த காலங்களில் வேறொன்றுக்கு மாறவும் செய்யலாம். பாதிக்கும் மேற்பட்டோர் புளூ கிராஸைத் தேர்ந்தார்கள். நோயைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் அனைவரையும் ஏற்கவேண்டும் என்பது விதி. ஆண்டுகள் செல்லச் செல்ல, அதிகப் பயன் தரும் திட்டத்தில் அதிக நோயுடையவர் தங்கினர். நலமுடையவர் மலிவானவற்றுக்கு நகர்ந்தனர். இரு திட்டங்களுக்கும் பயனில் இருந்த வேறுபாட்டைவிடச் சந்தாவில் இருந்த வேறுபாடு மிகப் பெரிதாயிற்று. 1990-ஐ ஒட்டி ஈட்னாவின் இழப்பீட்டுத் திட்டம் இவ்வமைப்பிலிருந்து விலகியது.

கற்றவர்கள் தேர்ந்தெடுத்தால் வேறாக இருக்குமோ என்று எண்ணலாம். ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் ஊழியர்களுக்குப் பல காப்பீட்டுத் திட்டங்களை வைத்திருந்தது. அவற்றுள் ஒன்று, மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தை மிகுதியாகத் தந்த, விலை கூடிய திட்டம். மற்றவை பெரும்பாலும் கார்ஃபீல்டின் வழியில் வந்தவை. விலை கூடிய திட்டத்துக்கு அதுவரை பல்கலைக்கழகமே அதிகமாகப் பங்களித்து வந்தது. 1995-இல் செலவைக் குறைக்க எண்ணி, எந்தத் திட்டமாயினும் ஒரே பங்களிப்பே தருவோம் என்று முறையை மாற்றியது. கூடுதல் விலையை ஊழியரே ஏற்கவேண்டியதாயிற்று. அத்திட்டத்தை விட்டுச் சென்றோர் தங்கியோரைவிட இளையவர், ஆகவே தங்கியோரின் சராசரிச் செலவு ஏறியது, சந்தாவும் ஏறியது. அடுத்த ஆண்டு மேலும் சிலர் சென்றனர். அவர்களும் எஞ்சியோரைவிட இளையவரே. மூன்று ஆண்டுகளுக்குள் அத்திட்டம் மூடப்பட்டது. அப்பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் டேவிட் கட்லர், சாரா ரெபர் என்பவருடன் சேர்ந்து இந்த வரலாற்றை ஆராய்ந்து 1998-இல் கட்டுரையாக வெளியிட்டார். கட்டுரை வெளிவந்தபோது, பழைய மருத்துவரை விட மனமின்றி இறுதிவரை அத்திட்டத்தில் தங்கியிருந்த முதியவர்களும் வேறு திட்டங்களுக்கு மாறிவிட்டிருந்தார்கள்.